நெருங்கியவர்கள் தெரிவித்தனர்

மேலக்கரை
14.7.1996

அன்புத் தம்பி கணேஷ்ராமுக்கு,

அக்கா எழுதுகிறேன். எனக்கு ஒரு குறையுமில்லை, நீ கடிதம் போடாத குறையைத் தவிர. மதுரைக்குப் போய்ப் பத்திரிகையில் உட்கார்ந்தால் சொந்த அக்காவுக்கு நாலு வரி எழுதக் கை வராதோ?

நீ பஸ்ஸில் போட்டுவிட்ட பழைய பேப்பர்க் கட்டு பத்திரமாக வந்தது. இறக்கிவைத்த கண்டக்டர், "டீச்சர், பலசரக்குக் கடை வைக்கப் போறியளா?" என்று கேட்டார். பாடம் நடத்த என்றேன். அவர் நம்பவில்லை.

தலைமையாசிரியர் குமரகுருபரன் சார் ஒருவழியாகச் சம்மதித்துவிட்டார். "பரீட்சையில இது வருமா டீச்சர்?" என்றுதான் முதலில் கேட்டார். "பரீட்சை முடிஞ்ச பிறகு வாழ்நாள் பூரா வரும் சார்" என்றேன். ஒன்பதாம் வகுப்பில் இப்போது எந்தப் பாடமானாலும் முதல் பத்து நிமிடம் பேப்பருக்கும் ரேடியோவுக்கும் டி.வி.க்கும்தான். தமிழம்மா தலைப்புகளை எடுத்துக்கொண்டார். அறிவியலில் சோப்பு விளம்பரம். வரலாற்றில் ஒரே கூட்டத்தைப் பற்றி இரண்டு பேப்பர் எழுதியது. என் கணக்குப் பாடத்தில், அந்தக் கூட்டத்துக்கு லட்சம் பேர் வந்தார்கள் என்றால் அந்த மைதானத்தில் ஒருவர் தோளில் ஒருவர் ஏறித்தான் நின்றிருக்க வேண்டும் என்று பிள்ளைகள் கண்டுபிடித்தார்கள். எல்லா வகுப்புக்கும் கேள்வி மூன்றுதான்: யார் பார்த்தது, யார் சொன்னது, எதை விட்டுவிட்டார்கள்.

ஆனித் தேருக்குப் பிள்ளைகளை நெல்லை டவுனுக்குக் கூட்டிப்போனேன். ரத வீதியில் கம்ப்யூட்டர் ஜோசியம் என்று இரண்டு கடை. செல்லக்கிளி என்று ஒருத்தி, பீடி சுற்றுகிற வீட்டுப் பிள்ளை, படு சுட்டி. தன் பிறந்த நேரத்தையே இரண்டு கடையிலும் கொடுத்தாள். ஒன்று அவள் கடல் கடந்து போவாள் என்றது. மற்றது ஜில்லாவைத் தாண்ட மாட்டாள் என்றது. பிள்ளைகள் சிரித்தார்கள். இவள் சிரிக்கவில்லை. "ரெண்டு கம்ப்யூட்டருக்கும் சொல்லிக்குடுத்தது யாரு டீச்சர்?" என்று கேட்டாள். ஒரு வருஷப் பாடத்தை அவள் ஒரு வரியில் முடித்துவிட்டாள்.

அம்மா போன பிறகு இந்த வீட்டில் பேச ஆளில்லை. அதனால்தான் உனக்கு எழுதித் தள்ளுகிறேன். எஸ்.டி.டி. கடையில் பேசினால் தெருவே கேட்கும். கடிதத்தில்தான் வாய்க்கு வந்ததைச் சொல்லலாம்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா
வேணி


மதுரை
22.7.1996

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். உன் பிள்ளைகள் என் பிழைப்பில் மண்ணைப் போடாமல் விடமாட்டார்கள் போலிருக்கிறது. அந்த மைதானக் கணக்கை எங்கள் செய்தி ஆசிரியரிடம் சொன்னேன். அந்த டீச்சரை நம் ஊர்ப் பக்கம் வரவிடாதே என்றார்.

நெல்லைப் பக்கத்தை இப்போது என் தலையில் கட்டிவிட்டார்கள். நிருபர்கள் போனில் சொல்வதை எழுதிப் பக்கத்தை நிரப்ப வேண்டும். அவர்கள் சொல்வதில் ஊரும் இருக்காது, மனுஷரும் இருக்காது. உன் கடிதம் வந்தால்தான் எனக்கு ஆற்று வாசனை வருகிறது.

கோபிக்க மாட்டாய் என்றால் ஒன்று சொல்கிறேன். நீ எழுதிய கம்ப்யூட்டர் ஜோசியத்தைப் பெயர் போடாமல் ஒரு துணுக்காகப் போட்டேன். ஆபீசில் எல்லோரும் ரசித்தார்கள். இனி மேலக்கரையில் எனக்குச் சம்பளமில்லாத நிருபர் ஒருத்தி இருக்கிறாள்.

அடுத்த கட்டு வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வரும்.

உன் தம்பி
கணேஷ்


மேலக்கரை
29.9.1996

அன்புத் தம்பிக்கு,

துணுக்கு விஷயத்துக்குக் கோபமெல்லாம் இல்லை. பிள்ளைகள் அதை வெட்டிச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். "இதை யாரு சொன்னதுன்னு போடலையே" என்று செல்லக்கிளி குறை கண்டாள். நான்தான் சொன்னேன் என்றதும் வகுப்பே கைதட்டியது. எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறத்தான் செய்தது.

பள்ளிக்கூடத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்திருக்கிறது. சார் அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்து, துணி போர்த்தி, அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். பிள்ளைகள் ஜன்னல் வழியாகத் தரிசனம் செய்கிறார்கள்.

மழைக்கு முன்னே அள்ளிவிட வேண்டுமென்று ஆற்றில் மணல் லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன. துவைக்கிற துறைக்குப் பக்கத்திலேயே ஆள் உயரத்துக்குத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள்.

செல்லக்கிளிதான் சில நாட்களாகவே முகம் வாடிக் கிடக்கிறாள். யாருடனும் பேசுவதில்லை. கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறாள், கிட்டப் போனால் கிராம்பு வாசனை அடிக்கிறது. வயது அப்படி. யாரையாவது நினைத்து ஏங்குகிறாளோ என்னவோ. நாமெல்லாம் அந்த வயதில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம், அதுதான் இப்படிக் கிடக்கிறோம்.

தீபாவளிக்கு வந்துவிடு. உனக்குப் பிடித்த முந்திரிக்கொத்து செய்து வைக்கிறேன்.

உன் அக்கா
வேணி


மேலக்கரை
20.10.1996

தம்பி கணேஷுக்கு,

செல்லக்கிளி செத்துப்போனாள்.

முந்தின வாரம் சனிக்கிழமை காலை துறைக்குத் துவைக்கப் போனவள். மைதீன் பாத்திமா கூடப் போயிருந்தாள், ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. பாவாடை ஒன்று நழுவித் தண்ணீரோடு போயிருக்கிறது. பிடிக்க நாலு எட்டு வைத்தவள் மணல் அள்ளிய குழியில் இறங்கிவிட்டாள். பாத்திமா கத்தியதைக் கேட்டு ஆட்கள் வருவதற்குள் முடிந்துவிட்டது.

அதற்கு மேல் உன் பத்திரிகை. நீ லீவில் இருந்தாயோ என்னவோ, பார்த்தாயா என்று தெரியவில்லை. தலைப்பே "ஆற்றில் மூழ்கி மாணவி சாவு, காதல் தோல்வி காரணமா?" என்று வந்திருக்கிறது. உள்ளே, "மாணவி சில நாட்களாகவே முகம் வாடி, யாருடனும் பேசாமல், யாரையோ நினைத்து ஏங்கியதாக அவருக்கு நெருங்கியவர்கள் தெரிவித்தனர்" என்று போட்டிருக்கிறார்கள். குழியைப் பற்றி ஒரு சொல் இல்லை.

ஊர் வாய் திறந்துகொண்டது. யார் அந்தப் பையன் என்று டீக்கடையில் ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். செல்லக்கிளியின் அம்மா, ஆறாவது படிக்கிற இளையவளையும் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்திவிட்டார். நான் போய்க் கேட்டேன். "மூத்தவ படிக்கப் போய்த்தானே பேப்பர்ல இப்படி எழுதுதான். இவளாவது வீட்ல கிடக்கட்டும் டீச்சர்" என்றார்.

என் வகுப்பு என்ன செய்தது தெரியுமா? நான் சொல்லிச் செய்யவில்லை, கணேஷ். திங்கட்கிழமை வகுப்பில் நான் வருகைப் பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாத்திமா எழுந்துபோய் அந்த மூன்று கேள்வியையும் போர்டில் எழுதினாள். சாயங்காலம் பிள்ளைகள் செல்லக்கிளி தெருவில் வீடு வீடாகப் போய், "பேப்பர்காரங்ககிட்ட நீங்க சொன்னீயளா?" என்று கேட்டிருக்கிறார்கள். யாருமே சொல்லவில்லை. சித்தி வீட்டில் கேட்டார்கள், பீடிக் கடையில் கேட்டார்கள். நெருங்கியவர்கள் என்று ஒருவரும் அகப்படவில்லை. எல்லோரும் கையெழுத்துப் போட்டு ஒரு மறுப்பு எழுதியிருக்கிறார்கள். கூடவே வைத்திருக்கிறேன். எப்படியாவது போடச் செய். குழியையும் சேர்த்துப் போட வேண்டும், அது இன்னும் அப்படியே கிடக்கிறது.

உன்னை நம்பித்தான் பிள்ளைகளிடம் சரி என்று சொல்லியிருக்கிறேன்.

அக்கா


மதுரை
26.10.1996

அன்புள்ள அக்கா,

படித்து மனசு மிகவும் கஷ்டப்பட்டது. நீ அந்தப் பிள்ளை மேல் எவ்வளவு பாசம் வைத்திருந்தாய் என்று எனக்குத் தெரியும்.

மறுப்பு போடுவது நீ நினைக்கிற மாதிரி எளிதான காரியமில்லை. பெரியவர்கள் கையெழுத்து வேண்டும், போலீஸ் ஸ்டேஷனில் கேட்க வேண்டும், ஆசிரியர் ஒப்ப வேண்டும். காதல்தான் என்று அடித்து எழுதவில்லையே, காரணமா என்று கேள்வியாகத்தானே போட்டிருக்கிறது. நாலு நாள் பேசுவார்கள், பிறகு வேறு செய்தி வந்துவிடும். நீ இதைப் பெரிதாக்காதே. குமரகுருபரன் சாருக்கும் இது பிடிக்காது.

நிருபரை யாரும் போய்க் கேட்க வேண்டாமென்று பிள்ளைகளிடம் சொல்லிவை. பாவம், பிழைக்கிறவர்.

தீபாவளிக்குக் கண்டிப்பாக வருகிறேன். உனக்குச் சுங்குடிச் சேலை எடுத்திருக்கிறேன்.

உன் தம்பி
கணேஷ்


மேலக்கரை
3.11.1996

கணேஷுக்கு,

நீ கேட்க வேண்டாம் என்பதற்கு முன்னமே பிள்ளைகள் கேட்டுவிட்டார்கள். நிருபர் பூதலிங்கம் அண்ணாச்சியை நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். சைக்கிளை நிறுத்திவிட்டு அவர் பதில் சொல்லியிருக்கிறார்: "ஏ பிள்ளையளா, நான் போன்ல சொன்னது குழியைத்தான். மணல் அள்ளுன குழில சிக்கி மாணவி சாவுன்னு சொன்னேன். மத்தது அங்கன மதுரைல சேர்த்தது. எனக்கே காலையில பேப்பரைப் பார்த்துத்தான் தெரியும்."

பாத்திமா இதை வகுப்பில் வந்து சொன்னாள். "அப்போ மதுரைல இருக்கிறவங்களுக்கு, அவ முகம் வாடி இருந்தது எப்படி டீச்சர் தெரியும்?" என்று கேட்டாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வீட்டுக்கு வந்து பேப்பரை மறுபடி படித்தேன். சில நாட்களாகவே முகம் வாடி. யாருடனும் பேசாமல். யாரையோ நினைத்து. இவை நான் உனக்கு எழுதிய வார்த்தைகள், கணேஷ். தெரு முழுக்கப் பிள்ளைகள் தேடிய நெருங்கியவர்கள் நான்தான்.

நான் கிராம்பையும் எழுதியிருந்தேனே. அதே வரியில்தானே எழுதினேன். அதை ஏன் வெட்டினாய்? அவளுக்குக் கடைவாய்ப் பல் வலி. பல்லைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பயந்து, வீட்டிலும் சொல்லாமல் கிராம்பை அடக்கிக்கொண்டு திரிந்திருக்கிறாள். வாயைத் திறந்தால் வலிக்கும், அதுதான் பேசவில்லை. பாத்திமாவுக்கு மட்டும் தெரியும், அவள்தான் இப்போது சொன்னாள். நான் கிராம்பை மோந்துவிட்டு ஏக்கம் என்று எழுதினேன். கேலிக்கு எழுதினேன், உனக்குத்தானே என்று எழுதினேன். கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதியிருக்கலாம். அதுகூட எனக்குத் தோன்றவில்லை.

நீதானா அதைப் போட்டது? ஆம், இல்லை என்று மட்டும் எழுது. தீபாவளிக்கு வர வேண்டாம்.

வேணி


மதுரை
9.11.1996

அக்கா,

நான்தான்.

பக்கம் முடிக்கிற நேரத்துக்குத்தான் பூதலிங்கம் பேசினார். குழி என்று போட்டால் மணல் காண்ட்ராக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டாக வேண்டும், இல்லாவிட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும். அவர் அந்த நேரத்தில் அகப்படவில்லை. காதல் என்று போட்டால் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. செய்தி ஆசிரியர், வெறுமனே மூழ்கிச் சாவு என்றால் மூலையில் போடு, காரணம் ஏதாவது உண்டா என்று கேட்டார். பெயரைப் பார்த்ததும் உன் கடிதம் ஞாபகம் வந்தது.

நீ நம்பினாலும் நம்பாவிட்டாலும் சொல்கிறேன். அந்தப் பக்கத்தில் அன்றைக்கு நான் சந்தேகப்படாத வரி அது ஒன்றுதான். நீ பொய் எழுத மாட்டாய் என்று நம்பிப் போட்டேன். கிராம்பு எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, இடமும் இல்லை.

மறுப்பை நான் எப்படியாவது போட்டுவிடுகிறேன். வேலை போனாலும் போகட்டும். ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். அந்த வார்த்தைகள் உன்னுடையவை என்று யாரிடமும் சொல்லாதே. உனக்கும் எனக்கும் தவிர யாருக்கும் தெரியாது. அந்த ஊரில் நீ தனியாக இருக்கிறாய். அங்கேதான் நீ வேலை பார்க்க வேண்டும்.

கணேஷ்


மேலக்கரை
24.11.1996

கணேஷுக்கு,

சொல்லிவிட்டேன்.

சொல்லாமலிருக்க முடியுமா என்று யோசிக்கத்தான் செய்தேன், உன்னிடம் மறைப்பானேன். யோசித்துக்கொண்டே வகுப்புக்குள் போனேன். போர்டில் அந்த மூன்று கேள்வியும் அழியாமல் இருந்தன. பிள்ளைகள் அதை அழிக்க யாரையும் விடுவதில்லை. நான் பாடம் எடுக்கவில்லை. செய்தியில் வருகிற நெருங்கியவர்கள் நான்தான், தம்பிக்கு எழுதிய கடிதத்தில் தெரியாத ஒன்றைத் தெரிந்த மாதிரி எழுதினேன் என்று சொன்னேன். பாத்திமா எழுந்து, "டீச்சர், அவகிட்ட ஒரு தடவை பைய கேட்டிருந்தா சொல்லியிருப்பாளே. ஒங்களுக்குன்னா சொல்லியிருப்பா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பிறகு செல்லக்கிளியின் அம்மாவிடம் போனேன். முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டார். கை நிற்கவில்லை. "எம்பிள்ளைக்குப் பல்லு வலி டீச்சர். பெத்தவ எனக்கே செத்த பிறகுதான் தெரியும். ஒங்களை என்ன சொல்ல?" என்றார். இளையவளை அனுப்புங்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்கிற வாய் எனக்கு இல்லை.

உன் மறுப்பும் வந்தது, பார்த்தோம். டெண்டர் விளம்பரங்களுக்குக் கீழே இருந்தது. "மாணவி தவறி விழுந்து இறந்ததாகத் தற்போது தெரியவந்துள்ளது" என்று மூன்று வரி. குழி இல்லை. பிள்ளைகள் அதையும் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். ஜோசியத் துணுக்குக்குப் பக்கத்தில்.

குமரகுருபரன் சார் இனிப் பேப்பர் வேண்டாமென்று உத்தரவு போட்டுவிட்டார். தமிழம்மா அதற்கு முன்னமே விலகிக்கொண்டார், பிறகு மற்றவர்களும். நீ அனுப்பிய கட்டுகளெல்லாம் கம்ப்யூட்டர் அறையில் கிடக்கின்றன. இனிமேல் அனுப்ப வேண்டாம்.

எனக்கு உன் மேல் கோபம் இல்லை என்று எழுத நினைத்தேன். இருக்கிறது. என் மேலும் இருக்கிறது. ஆனால் கோபம் என்றைக்காவது போய்விடும். உனக்கு எழுத உட்கார்ந்தால் முன்பெல்லாம் பேனா தானாக ஓடும். இன்றைக்கு ஒவ்வொரு வரியையும், இது அச்சில் வந்தால் யாருக்கு என்ன ஆகும் என்று பார்த்துப் பார்த்து எழுதுகிறேன். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வேணி


மதுரை
20.12.1996

அன்புள்ள அக்கா,

நான் போட்ட கடிதங்களுக்குப் பதில் இல்லை. உனக்கு உடம்புக்கு ஏதுமில்லை என்று பூதலிங்கத்திடம் போனில் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

ஆசிரியரைக் கேட்காமல் மறுப்பைப் போட்டதற்காக என்னை வரி விளம்பரத்துக்கு மாற்றிவிட்டார்கள். வீடு வாடகைக்கு, மணமகன் தேவை. நான் ஒரு சொல்லும் சேர்ப்பதில்லை, வெட்டுவதுமில்லை. கொடுப்பதை அப்படியே போடுகிறேன்.

உன் கடிதங்களை யாருக்கும் காட்டியதில்லை. பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறேன். இனிமேல் நான் செய்தியைத் தொடப்போவதில்லை, நீ பயமில்லாமல் எழுதலாம். இந்த மார்கழியில் ஆற்றில் தண்ணீர் எப்படி? உன் மூட்டு வலி எப்படி? பொங்கலுக்கு நான் வரட்டுமா? ஒரு வரி போடு அக்கா. என்ன வேண்டுமானாலும் திட்டு. உன் கடிதம் வராமல் எனக்கு ஊரே இல்லாமல் போய்விட்டது.

உன் தம்பி
கணேஷ்


மேலக்கரை
12.1.1997

கணேஷ்ராமுக்கு,

ஆற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது. துறைக்குப் பக்கத்துக் குழியை மூடவில்லை. நேற்று நானே போய்ப் பார்த்தேன். சுற்றிலும் முள்ளை வெட்டிப் போட்டு, குச்சியில் சிவப்புத் துணி கட்டியிருக்கிறது. கட்டியது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள். அவர்களே என்னிடம் சொன்னார்கள்.

செல்லக்கிளியின் தங்கை பள்ளிக்கு வரவில்லை. வருகைப் பதிவேட்டில் பெயரை அடித்தாகிவிட்டது.

பொங்கலுக்கு நான் ஊரில் இருக்க மாட்டேன்.

இதில் எதை வேண்டுமானாலும் நீ அச்சில் போடலாம்.

எஸ். வேணி
கணித ஆசிரியை